பொய் மருந்தின் மெய்க் கதை

மருத்துவர் நோயாளியிடம் பொய் சொல்லலாமா?

கேட்டவுடன் "கூடவே கூடாது" என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். சரி, அந்தப் பொய்யால் நோயாளியின் வலி குறையும் என்றால்? இப்போது பதில் சொல்லச் சற்றுத் தயக்கம் வரும். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யையும் வாய்மையாகக் கொள்ளலாம் என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறாரே எனச் சிலர் வாதாடவும் கூடும்.

இந்த வாதம் இன்று நேற்றுத் தொடங்கியதன்று. மேற்கத்திய மருத்துவ உலகில் ஏறக்குறைய 250 ஆண்டுகளாக இது நடந்து வருகிறது. வாதத்தின் நடுவே இருப்பது ஒரு சிறிய மாத்திரை. அதற்குள் மருந்து கிடையாது. வெறும் சர்க்கரையோ மாவோதான் இருக்கும். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'பிளசீபோ'. தமிழில் 'மருந்துப்போலி' என்று வழங்குகிறது. பார்வைக்கு மருந்து, உள்ளே ஒன்றுமில்லை.

கூலிக்கு மாரடித்த சொல்

பிளசீபோ என்பது இலத்தீன் மொழிச் சொல். 'நான் மகிழ்விப்பேன்' என்பது அதன் பொருள். இடைக்கால ஐரோப்பாவில், இறந்தவர்களுக்காகத் தேவாலயங்களில் நடைபெறும் மாலை வழிபாடு இந்தச் சொல்லோடுதான் தொடங்கும். இறந்தவருக்குச் சொந்தமோ பந்தமோ இல்லாதவர்கள்கூட, உணவும் காசும் கிடைக்கும் என்று வந்து அதைப் பாடிவிட்டுப் போவது வழக்கமாயிற்று. கூலிக்கு மாரடிப்பது என்று தமிழர்கள் சொல்வார்களே, அதே கதைதான். நாளடைவில் 'பிளசீபோ' என்றாலே முகத்துதி செய்பவன் என்ற பொருள் ஏறிவிட்டது. 14ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர் சாசர், எதற்கெடுத்தாலும் தலையாட்டும் ஒரு கதாபாத்திரத்துக்கு இந்தப் பெயரையே சூட்டினார்.

அந்தச் சொல் மருத்துவத்துக்குள் நுழைந்தது 18ஆம் நூற்றாண்டில். ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்பித்தவர் வில்லியம் கல்லன். குணப்படுத்த முடியாது என்று தாம் கருதிய நோயாளி ஒருவருக்குக் கடுகுப் பொடியை மேற்பூச்சாகக் கொடுத்ததைப் பற்றி, 1772ஆம் ஆண்டில் தம் மாணவர்களிடம் அவர் பேசினார். அதில் தமக்குப் பெரிய நம்பிக்கை இல்லை என்றார். ஏதாவது ஒரு மருந்து கொடுத்தாக வேண்டும் என்பதற்காகவே கொடுத்ததாகவும், இதைத்தான் தாம் பிளசீபோ என்று சொல்வதாகவும் விளக்கினார்.

1811ஆம் ஆண்டில் வெளிவந்த ஹூப்பரின் மருத்துவ அகராதி இதற்கு இலக்கணமே வகுத்துவிட்டது. நோயாளிக்குப் பயன் தருவதைவிட அவரை மகிழ்விப்பதற்கே ஏற்ற மருந்து என்று அது பொருள் கூறியது.

அதிபரின் கடிதம்

இந்தப் பழக்கம் எந்த அளவுக்குப் பரவியிருந்தது என்பதற்கு ஒரு கடிதம் சாட்சி. 1807ஆம் ஆண்டு ஜூன் மாதம், அப்போதைய அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெபர்சன், பிலடெல்பியாவின் மருத்துவப் பேராசிரியர் காஸ்பர் விஸ்டாருக்கு அதை எழுதினார். தமக்குத் தெரிந்த மிக வெற்றிகரமான மருத்துவர்களில் ஒருவர், மற்ற எல்லா மருந்துகளையும்விட ரொட்டி மாத்திரைகளையும் வண்ணத் தண்ணீரையும் மரச் சாம்பல் பொடியையுமே அதிகமாகப் பயன்படுத்தியதாகத் தம்மிடம் கூறினார் என்று ஜெபர்சன் அதில் குறிப்பிட்டிருந்தார். அதை நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட ஒரு மோசடியாகவே அவர் கருதினார்.

ஓர் அதிபர் மோசடியைப் பொறுத்துக்கொள்வதா என்று கேட்கத் தோன்றும். அன்றைய மருத்துவத்தின் நிலையை அறிந்தால் காரணம் புரியும். எந்த நோய்க்கும் நரம்பைக் கீறி இரத்தத்தை வடிப்பது அன்று சாதாரண சிகிச்சை. பாதரசம் கலந்த மருந்துகளை வாரி வழங்கினார்கள். அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன், தொண்டை நோயால் 1799 டிசம்பர் 14ஆம் தேதி இறந்தபோது, கடைசி நாளில் மட்டும் அவர் உடலிலிருந்து பலமுறை இரத்தம் எடுக்கப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் ரொட்டி மாத்திரை கொடுத்த மருத்துவர் எவ்வளவோ மேல் அல்லவா? அவர் நோயாளியைக் கெடுக்காமலாவது இருந்தார்.

மரக்குச்சி சொன்ன உண்மை

அதே காலக்கட்டத்தில் ஒரு வேடிக்கையான வியாபாரம் நடந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த எலிஷா பெர்க்கின்ஸ் என்னும் மருத்துவர், 1796இல் இரண்டு சிறிய உலோகக் கம்பிகளுக்குக் காப்புரிமை பெற்றார். வலிக்கும் இடத்தில் அவற்றை வைத்து இழுத்தால் வலி வெளியேறிவிடும் என்பது அவருடைய வாக்கு. கம்பிகள் அட்லாண்டிக் கடலைத் தாண்டி இங்கிலாந்திலும் விற்பனையாயின. குணமடைந்தோம் என்று சான்று கூறவும் ஆட்கள் திரண்டார்கள்.

ஜான் ஹேகார்த் என்னும் ஆங்கில மருத்துவருக்கு இதில் சந்தேகம் எழுந்தது. அவர் உலோகக் கம்பிகளைப் போலவே தோற்றமளிக்கும் மரக் கம்பிகளைச் செய்யச் சொன்னார். 1799ஆம் ஆண்டு ஜனவரி மாதம், பாத் நகர மருத்துவமனையில் ஐந்து நோயாளிகளிடம் அந்தப் போலிக் கம்பிகள் சோதிக்கப்பட்டன. ஐவரில் நால்வர் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். மறுநாள் உண்மையான உலோகக் கம்பிகளால் இழுத்துப் பார்த்தார்கள். பலன் ஏறக்குறைய அதேதான். அடுத்த ஆண்டிலேயே ஹேகார்த் இதை நூலாக வெளியிட்டார். கற்பனை நோயைத் தரவும் வல்லது, தீர்க்கவும் வல்லது என்பதே அந்த நூலின் சாரம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்லன் போலியைக் கொடுத்தது நோயாளியை ஆறுதல்படுத்த. ஹேகார்த் போலியைப் பயன்படுத்தியது உண்மையைக் கண்டுபிடிக்க. மருந்துப்போலியின் வரலாறு இந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. 1863இல் அமெரிக்க மருத்துவர் ஆஸ்டின் பிளின்ட் இரண்டாவது பாதையில் நடந்தார். மூட்டுவாதக் காய்ச்சல் கண்ட 13 நோயாளிகளுக்குக் கசப்பு மரச்சாறு ஒன்றை மிகவும் நீர்க்கச் செய்து மருந்து என்று கொடுத்தார். அவர்களின் நோய் தன் போக்கிலேயே தணிந்தது. வீரியமுள்ள மருந்தைக் கொடுத்திருந்தால், பெருமை முழுவதையும் அந்த மருந்து தட்டிக்கொண்டு போயிருக்கும்!

இன்று ஒவ்வொரு புதிய மருந்தையும் போலியோடு ஒப்பிட்டுச் சோதிக்கும் முறைக்கு இத்தகைய முயற்சிகளே முன்னோடி. அந்தச் சோதனைகளில் பங்கேற்பவர்களிடம், தங்களுக்குப் போலி கிடைக்கக்கூடும் என்பது முன்கூட்டியே சொல்லப்படுகிறது. சிக்கல் எல்லாம் முதல் பாதையில்தான். கிளினிக்கில், நோயாளிக்குத் தெரியாமல் கொடுக்கப்படும் போலியில்தான்.

ஒரு மருத்துவரின் வாக்குமூலம்

1903ஆம் ஆண்டில் இந்த இரகசியத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் பாஸ்டன் நகர மருத்துவர் ரிச்சர்ட் கேபட். மருத்துவத்தில் உண்மையும் பொய்யும் என்பதே அவர் எழுதிய கட்டுரையின் பொருள். எல்லா மருத்துவர்களையும் போலவே தாமும் ரொட்டி மாத்திரையையும் வெறும் தண்ணீர் ஊசியையும் பயன்படுத்தும்படி பழக்கப்பட்டவர்தான் என்று அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பிறகு தம் நோயாளிகளிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். பயந்தபடி விபரீதம் எதுவும் நேரவில்லை. பொய் செய்யும் நன்மையைவிடத் தீமையே அதிகம் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

கேபட் சொன்ன காரணம் இன்றைக்கும் பொருந்தும். ஒவ்வொரு தலைவலிக்கும் ஒவ்வோர் இருமலுக்கும் ஒரு மருந்து உண்டு என்ற எண்ணத்தை நோயாளியின் மனத்தில் விதைத்தது யார்? மருத்துவர்கள்தாம். பிறகு, "மருந்து கொடுக்காவிட்டால் நோயாளி கோபித்துக்கொள்கிறார், அதனால்தான் கொடுக்கிறோம்" என்று அவர்களே சொல்வது என்ன நியாயம்? அப்படிப் பழக்கப்பட்ட மனிதர் நாளைக்குப் போலி வைத்தியரின் விளம்பரத்திலும் எளிதாக விழுவார் என்று கேபட் எச்சரித்தார்.

அவர் சொன்னது எடுபட்டதா? இல்லை. சர்க்கரை மாத்திரைகள் தொடர்ந்து கைமாறிக்கொண்டே இருந்தன.

35 விழுக்காடும் அதன் மயக்கமும்

1955ஆம் ஆண்டில் பொய் மருந்துக்கு அறிவியலின் ஆதரவே கிடைத்துவிட்டது போலத் தோன்றியது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மயக்கவியல் நிபுணர் ஹென்றி பீச்சர், 15 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை எழுதினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளில் சராசரியாக 35 விழுக்காட்டினருக்கு மருந்துப்போலியே நிவாரணம் அளித்தது என்றார். மூன்றில் ஒருவர் என்ற இந்தக் கணக்கு உலகமெங்கும் பரவியது.

கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. சளி பிடித்தால் மருந்து சாப்பிட்டால் ஒரு வாரம், சாப்பிடாவிட்டால் ஏழு நாள் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். தானாகவே குணமாகும் நோயையும் போலியின் வரவில் வைத்துவிட்டால் கணக்கு கூடத்தானே செய்யும்? 1997இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் பீச்சரின் ஆய்வுகளை மீண்டும் புரட்டிப் பார்த்து இந்தக் குறையைச் சுட்டினார்கள். 2001இல் டென்மார்க்கைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள், போலி கொடுக்கப்பட்டவர்களையும் எதுவுமே கொடுக்கப்படாதவர்களையும் ஒப்பிட்ட 114 ஆய்வுகளை அலசினார்கள். வலி போன்ற, நோயாளியே உணர்ந்து சொல்லக்கூடிய தொல்லைகளில் சிறிது பலன் தெரிந்தது. மற்றவற்றில் குறிப்பிடும்படியாக எதுவும் இல்லை.

அந்தச் சிறிது பலன் பொய்யன்று. 1978இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் கடைவாய்ப் பல் பிடுங்கப்பட்டவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. மருந்துப்போலியால் வலி குறைந்தவர்களுக்கு, அபின் வகை மருந்துகளின் வேலையைத் தடுக்கும் நலாக்சோன் கொடுக்கப்பட்டது. குறைந்த வலி மீண்டும் கூடியது. அப்படியானால், நம்பிக்கை பிறந்தபோது உடல் தானாகவே ஒரு வலிநிவாரணியைச் சுரந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள்.

எல்லை எங்கே என்பதை 2011இல் வெளியான ஓர் ஆஸ்துமா ஆய்வு தெளிவாகக் காட்டியது. உண்மையான மருந்தை உறிஞ்சியபோது நோயாளிகளின் மூச்சின் அளவு 20 விழுக்காடு கூடியது. போலி மருந்தை உறிஞ்சியபோது 7 விழுக்காட்டுக்குச் சற்று மேல். எதையுமே உறிஞ்சாமல் காத்திருந்தபோதும் ஏறக்குறைய அவ்வளவே. நோயாளிகளோ, இரண்டு மருந்துகளாலும் ஏறக்குறைய ஒரே அளவு சுகம் கிடைத்ததாகச் சொன்னார்கள். நெஞ்சு இலேசானதாக மனம் சொல்கிறது, நுரையீரலோ திறக்கவில்லை. ஆஸ்துமா உயிரைப் பறிக்கக்கூடிய நோய் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தச் சுகம் எவ்வளவு ஆபத்தானது என்பது விளங்கும்.

கருணை திசைமாறியபோது

பொய் மருந்து எப்போதும் கருணையால்தான் கொடுக்கப்பட்டதா? அதுவும் இல்லை. 1979இல் அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்றில் பணிபுரிந்த மருத்துவர்களிடமும் தாதியர்களிடமும் எடுக்கப்பட்ட ஓர் ஆய்வு வெளியானது. அடிக்கடி வலி என்று கூப்பிடுகிறவர்கள், தொல்லை தருபவர்கள் என்று கருதப்பட்ட நோயாளிகளுக்கே மருந்துப்போலி பெரும்பாலும் கொடுக்கப்பட்டது. நோக்கம் ஆறுதல் தருவதன்று. வெறும் ஊசியில் வலி குறைந்தால் "பார்த்தீர்களா, இவருக்கு உண்மையில் வலியே இல்லை" என்று நிரூபிப்பதுதான். பல் பிடுங்கப்பட்டவர்களின் ஆய்வு அதற்கு முந்திய ஆண்டே காட்டியது என்ன? உண்மையான வலியும் போலியால் குறையும் என்பதைத்தானே!

இதைவிடக் கொடியது டஸ்கீகி. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1932ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரச் சேவை ஓர் ஆய்வைத் தொடங்கியது. சிபிலிஸ் என்னும் மேகநோய் கண்ட 399 பேர், அந்நோய் இல்லாத 201 பேர் என்று 600 கறுப்பின ஆண்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலோர் ஏழைக் குடியானவர்கள். "கெட்ட இரத்தம்" என்று மட்டுமே அவர்களிடம் சொல்லப்பட்டது. ஆஸ்பிரின் மாத்திரையும் சத்து டானிக்கும் சிகிச்சை என்ற பெயரில் கொடுக்கப்பட்டன. முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்ததைக்கூடச் 'சிறப்பு இலவச சிகிச்சை' என்று கடிதம் எழுதி அழைத்தார்கள்.

1940களில் இந்நோயை முற்றாகக் குணப்படுத்தும் பென்சிலின் வந்துவிட்டது. அவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. நோய் முற்றினால் உடல் என்னவாகும் என்பதைப் பார்ப்பதற்காகவே காத்திருந்தார்கள். 1972இல் செய்தியாளர்கள் அம்பலப்படுத்திய பிறகே இது நின்றது. நாற்பது ஆண்டுகள்! 1997ஆம் ஆண்டு மே மாதம் அதிபர் பில் கிளிண்டன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டபோது, அந்த 600 பேரில் உயிரோடு இருந்தவர்கள் ஒரு சிலரே.

ஜெபர்சனின் நண்பரான மருத்துவரையும் டஸ்கீகி மருத்துவர்களையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் இருவரும் திறந்தது ஒரே கதவைத்தான். நோயாளிக்கு உண்மை தெரிய வேண்டியதில்லை, அவருக்கு எது நல்லது என்பதை மருத்துவரே முடிவு செய்வார் என்பதே அந்தக் கதவு. அதன் வழியே நல்லவர் நுழைந்தால் ரொட்டி மாத்திரை. கல்நெஞ்சர் நுழைந்தால் டஸ்கீகி. வள்ளுவர் போட்ட நிபந்தனை குற்றமற்ற நன்மை என்பது. அந்த நிபந்தனை நிறைவேறியதா என்று கேட்டுப் பார்க்கும் வாய்ப்பே நோயாளிக்குக் கிடைக்காது என்பதுதான் இந்தப் பொய்யின் பெரிய குற்றம்.

சர்க்கரை போய் வைட்டமின் வந்தது

இதெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2008இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 679 அமெரிக்க மருத்துவர்களின் பதில்கள் வெளியாயின. ஏறக்குறைய பாதிப்பேர், மருந்துப்போலியாக ஏதாவது ஒன்றைத் தொடர்ந்து பரிந்துரைத்து வருவதாகக் கூறினார்கள். சர்க்கரை மாத்திரை கொடுத்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் மட்டுமே. 41 விழுக்காட்டினர் சாதாரண வலி மாத்திரைகளையும், 38 விழுக்காட்டினர் வைட்டமின்களையும் அவ்வாறு கொடுத்தார்கள். 13 விழுக்காட்டினர் ஆன்டிபயாடிக் மருந்தையே கொடுத்தார்கள். பிரிட்டனில் 783 குடும்ப மருத்துவர்களிடம் எடுக்கப்பட்டு 2013இல் வெளியான ஆய்விலோ, 97 விழுக்காட்டினர் தங்கள் பணிக்காலத்தில் ஒரு முறையாவது இப்படிச் செய்திருப்பதாக ஒப்புக்கொண்டார்கள்.

கல்லனின் கடுகுப் பொடி வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. உண்மையான மருந்துதான், அந்த நோய்க்கு அது உதவாது, அவ்வளவே. வைட்டமின் என்றால் பணம் வீணாகும். ஆன்டிபயாடிக் என்றால் கதை வேறு. சளிக்காய்ச்சலைத் தரும் வைரஸ் கிருமியை அது ஒன்றும் செய்யாது. ஆனால் உடலில் உள்ள பாக்டீரியாக்கள் அதை எதிர்த்து வாழப் பழகிவிடும். பிறகு உண்மையிலேயே தேவைப்படும் நாளில் அந்த மருந்து கைவிடும். அந்த நாளில் பாதிக்கப்படப் போவது மருந்தைக் கேட்டு வாங்கியவர் மட்டும் அல்லர்; பக்கத்து வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம்.

பொய் இல்லாமலே ஆறுதல்

அப்படியானால் நோயாளிக்குக் கிடைத்து வந்த அந்த ஆறுதலையும் இழந்துவிட வேண்டியதுதானா? இதற்கு ஹார்வர்டின் டெட் காப்சக் குழுவினர் தந்த விடைதான் இந்த வரலாற்றின் நல்ல பகுதி.

2008இல் குடல் எரிச்சல் நோயால் அவதிப்பட்ட 262 பேர் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். முதல் பிரிவினர் காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்பட்டார்கள். இரண்டாம் பிரிவினருக்கு அதிகம் பேசாமல் போலி அக்குபங்சர் செய்யப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்கும் அதே போலி அக்குபங்சர்தான். ஆனால் சிகிச்சையாளர் முதல் சந்திப்பிலேயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைப் பரிவோடு கேட்டார். மூன்று வாரங்களில் போதிய நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னவர்கள் முறையே 28, 44, 62 விழுக்காட்டினர். ஊசி ஒன்றுதான், கூடியது காது கொடுத்துக் கேட்டதன் பலன்.

2010இல் அதே குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அதே நோய் கண்ட 80 பேரில் ஒரு பாதியினரிடம் மாத்திரைப் புட்டியைக் கொடுத்து, "இதில் மருந்து இல்லை, சர்க்கரை மாத்திரை போன்றதுதான்" என்று விளக்கினார்கள். புட்டியின் மீதும் 'பிளசீபோ' என்றே எழுதியிருந்தது. மறுபாதியினருக்கு மாத்திரை எதுவும் தரவில்லை. கவனிப்பு மட்டும் ஒன்றே. மூன்று வாரம் கழித்து, மாத்திரை சாப்பிட்டவர்களில் 59 விழுக்காட்டினரும் சாப்பிடாதவர்களில் 35 விழுக்காட்டினரும் போதிய நிவாரணம் கிடைத்ததாகக் கூறினார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் பொய் சொன்னால்தான் பலன் கிடைக்கும் என்ற பழைய வாதத்தை அது நன்றாகவே அசைத்துவிட்டது.

அமெரிக்க மருத்துவச் சங்கம் 2006இலேயே தன் நெறிமுறையில், நோயாளிக்குத் தெரிவித்து அவர் சம்மதம் பெறாமல் மருந்துப்போலி கொடுக்கலாகாது என்று வகுத்துவிட்டது. கேபட் எழுதியதற்கு 103 ஆண்டுகளுக்குப் பிறகு!

எனினும், சட்டதிட்டங்களால் மட்டும் இது தீராது. ஊசி போடாத டாக்டர் என்ன டாக்டர், பையில் நான்கு வண்ண மாத்திரை இல்லாவிட்டால் கொடுத்த காசுக்கு என்ன பயன் என்று நோயாளிகள் நினைக்கும்வரை, மருத்துவரின் கையும் மருந்தை நோக்கியே நீளும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மருத்துவரைப் பார்த்த கையோடு அதே கிளினிக்கின் முகப்பில் மருந்தையும் வாங்கிக்கொள்வது பரவலான பழக்கம். கேள்வி கேட்பதற்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை. "டாக்டர், இது எதற்கு? இதைச் சாப்பிடாவிட்டால் என்ன ஆகும்?" என்று மரியாதையோடு கேட்கலாம். "மருந்து தேவையில்லை, ஓய்வெடுத்தால் போதும்" என்று ஒரு மருத்துவர் சொன்னால், அதற்காக அவர் பெறும் கட்டணத்தை முணுமுணுக்காமல் கொடுக்கலாம். அவர் கொடுத்தது உண்மை. அதற்கும் ஒரு விலை உண்டு.